விசாகப்பட்டினத்தில் பாம்பு தேடிய ரஸ்ஸல் துரை

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. அரையாண்டுக் கணக்கு முடிந்து இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. நான் படித்தது பி.காம். சரித்திரமும் விலங்கியலும் எனக்குப் பாடமே இல்லை. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் தவறு கண்டால் காதைத் திருகலாம்.

விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி வந்தபோது ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டீல் பிளான்ட், துறைமுகம், கடற்படை. வந்து பார்த்தால் மலை நேராகக் கடலில் இறங்குகிற ஊர். டால்பின்ஸ் நோஸ் முனை, கைலாசகிரி, ருஷிகொண்டா, அப்படியே பீமிலி வரை போகிற கடற்கரைச் சாலை. நடுவில் எர்ரமட்டி திப்பலு என்ற செம்மண் மேடுகள். தஞ்சாவூர்ப் பக்கம் தட்டையான வயலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முதல் ஆறு மாதம் சினிமா ஷூட்டிங்கில் இருப்பது போலவே இருந்தது. மலை பக்கத்தில் இருந்தால் மலையில் இருப்பவையும் பக்கத்தில்தான் இருக்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு அக்டோபர் மாதம். இரண்டு நாள் விடாமல் மழை. எங்கள் அபார்ட்மென்ட் கம்பலகொண்டா காட்டுக்கு அதிக தூரமில்லை. ராத்திரி எட்டரை மணிக்கு கார் நிறுத்தும் இடத்தில் ஒரே கூட்டம். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் தடியாக, பழுப்பாக, உடம்பு முழுக்க வட்ட வட்டப் புள்ளியோடு ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. மூன்றாவது மாடி அங்கிள், ஓய்வு பெற்ற இன்ஜினீயர், "இது மலைப்பாம்புக் குட்டி, ஒண்ணும் செய்யாது. கோணி கொண்டு வாங்க, நானே எடுத்துப் போடறேன்" என்று குனிந்துவிட்டார். வாட்ச்மேன் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "வத்து சார், வத்து! அதி காட்டுக ரேகுல பொட!"

அதே நொடியில் அந்தப் பாம்பு சீறியது. பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன் ஆவி விடுமே, அந்தச் சத்தம். கூட்டம் கலைந்தது. பாம்பு பிடிக்கிறவருக்குப் போன் செய்து, அவர் கொக்கியும் பையுமாக வந்து கொண்டுபோகிற வரை யாரும் கிட்டே போகவில்லை. அடிக்கலாம் என்று சொன்ன இரண்டு பேரையும் அந்த வாட்ச்மேன்தான் தடுத்தார்.

அது கண்ணாடி விரியன்.

எனக்கு அந்தத் தெலுங்குப் பெயர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காட்டுக என்றால் கண்மை. ரேகு என்றால் இதழ். பொட என்றால் புள்ளி, தேமல். கண்மை தீட்டிய இதழ் போன்ற புள்ளிகள் உள்ளது என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். நாம் அதே புள்ளியில் கண்ணாடியைப் பார்த்தோம், இவர்கள் கண்மையைப் பார்த்திருக்கிறார்கள். என்ன அழகான பெயர், எவ்வளவு பயங்கரமான ஜந்துவுக்கு! தேடிக்கொண்டே போனதில் ஒரு பழைய புத்தகத்தின் ஸ்கேன் பிரதி கிடைத்தது. லண்டனில் 1796இல் அச்சானது. கையால் வண்ணம் தீட்டிய படம். வளைந்து படுத்திருக்கிற அதே பாம்பு. அதற்குக் கொடுத்திருந்த பெயரும் ஆங்கிலமோ லத்தீனோ இல்லை. எங்கள் வாட்ச்மேன் கத்தினாரே, அதே பெயர். அந்தப் புத்தகத்தை எழுதியவர் வாழ்ந்ததும் இதே ஊரில்.

அவர் பெயர் பாட்ரிக் ரஸ்ஸல். எடின்பரோவில் 1726இல் பிறந்த டாக்டர். இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே பெரிய வாழ்க்கை ஒன்றை வாழ்ந்து முடித்தவர். சிரியாவில் இருக்கிறதே அலெப்போ, அங்கே ஆங்கில வியாபாரிகளுக்கு டாக்டராக ஏறக்குறைய இருபது வருஷம். 1760 முதல் 1762 வரை அந்த ஊரைப் பிளேக் தாக்கியபோது அங்கேயே இருந்து வைத்தியம் பார்த்தார். பின்னாளில் 1791இல் பிளேக் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். குவாரன்டீன் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. கொரோனா பார்த்துவிட்ட நமக்கு அந்தச் சொல்லை இப்போது விளக்க வேண்டியதில்லை.

அவருடைய தம்பி கிளாட் ரஸ்ஸலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியில் விசாகப்பட்டினத்து நிர்வாகி வேலை கிடைத்தது. தம்பி குடும்பத்தோடு துணைக்கு வந்தவர்தான் பாட்ரிக். வருஷம் 1781. அவருக்கு வயது ஐம்பத்தைந்து. எங்கள் பாங்கில் இந்த வயதில் வி.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு முட்டிவலிக்குத் தைலம் தேடுவார்கள். இவர் பாம்பு தேடக் கிளம்பினார்.

கம்பெனிக்கு ஏன் இதெல்லாம் என்று கேட்கலாம். கம்பெனி சும்மா காசு செலவு செய்கிற ஆளா? செடி கொடியில் சாயம் உண்டா, மிளகு வளருமா, மருந்து கிடைக்குமா என்று பார்க்க ஒரு இயற்கை ஆய்வாளரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அந்த வேலையில் முதலில் இருந்தவர் கேனிக். லின்னேயஸின் மாணவர். 1768இல் நம் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷன் டாக்டராக வந்து, பிறகு ஆற்காடு நவாபிடம் வேலை பார்த்து, அதன்பின் கம்பெனிக்கு வந்தவர். அவர் 1785இல் காக்கிநாடா பக்கத்தில் இறந்துபோக, அந்த இடம் ரஸ்ஸலுக்கு வந்தது. 1789 வரை அதில் இருந்தார். அவருக்குப் பின் வந்தவர் ராக்ஸ்பரோ. சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிப் பெரிய படப் புத்தகம் போட்டவர். இந்த மூன்று பேரின் கதையையும் சேர்த்து எழுதலாம்தான், ஆனால் செடி எனக்குச் சுத்தமாக வராது.

ரஸ்ஸலுக்கு முன்னால் இருந்த பிரச்சினை ரொம்ப நடைமுறையானது. பாம்பு கடித்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாம்புக்கு விஷம், எதற்கு இல்லை என்பதைப் பார்த்தவுடன் சொல்ல ஒரு வழி வேண்டும். கம்பெனி அதிகாரிகளிடமும் ஊர் ஆட்களிடமும் சொல்லிவைத்துப் பாம்புகளைத் தருவித்தார். ஒவ்வொன்றையும் அளந்தார், படம் வரையச் சொன்னார், வயிற்றுப் பக்கத்துச் செதில் எத்தனை, வாலடிச் செதில் எத்தனை என்று எண்ணினார். அந்தக் காலத்தில் பாம்பைப் பிரிக்க லின்னேயஸ் காட்டிய வழி அந்தச் செதில் எண்ணிக்கைதான். எண்ணி எண்ணிப் பார்த்ததில் அந்தக் கணக்கை வைத்து விஷம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்று தெரிந்தது. வாயைத் திறந்து பல்லைத்தான் பார்க்க வேண்டும். ராத்திரி வரப்பில் கடிபட்டவன் பாம்பின் வாயைத் திறந்து எப்படிப் பார்ப்பான்? ரஸ்ஸல் தேடிய அந்தச் சுலபமான அடையாளம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. இன்றைக்கும் எல்லாப் பாம்புக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே ஒரு அடையாளம் கிடையாது. அதனால்தான் படித்த இன்ஜினீயர் கோணி கேட்டார்.

புத்தகத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மலைப்பாம்பின் படத்துக்கு அவர் கொடுத்த பெயர் "பெத்த பொட". பெரிய புள்ளிக்காரன். கண்ணாடி விரியனும் பொட, மலைப்பாம்பும் பொட. இரண்டும் பார்க்க ஒரே சாயல் என்பது இந்த ஊர் ஜனங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அதோடு, எது பெரியது, எது கண்மை இதழ் போட்டது என்று பெயரிலேயே பிரித்தும் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது மாடி அங்கிளுக்கு இதைச் சொன்னேன். அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை.

முதல் தொகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாம்புகள். பெயர்களை வாசித்துக்கொண்டு போனால் ஆந்திரக் கிராமத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். சாரைப்பாம்புக்கு ஜெர்ரிபோத்து, நம் பச்சைப்பாம்புக்குப் பசிரிக பாமு. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டு விரியனுக்குப் பங்காரு பாமு, அதாவது தங்கப் பாம்பு. அந்தப் பங்காருதான் பின்னாளில் விரியனில் அந்த இனம் முழுவதற்கும் "பங்காரஸ்" என்ற விஞ்ஞானப் பெயராக நின்றுவிட்டது. உலகத்தில் எந்த நாட்டு விஞ்ஞானி கட்டு விரியனைப் பற்றி எழுதினாலும் தெலுங்கில் தங்கம் என்று சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

நம் பக்கமும் இருக்கிறது. சுருட்டை விரியன் அவருக்குக் கிடைத்தது ஆரணியிலிருந்து. அதற்கு அவர் எழுதியிருப்பது "ஹொரட்டா பாம்". சுருட்டைப் பாம்பு என்று ஆரணிக்காரர் சொன்னது துரை காதில் அப்படி விழுந்திருக்குமோ? இது வெறும் என் ஊகம். கடல் பாம்பு ஒன்றுக்கு "வலகடின்" என்று நெடுங்காலம் விஞ்ஞானப் பெயர் இருந்தது. அதை நம் கடற்கரையில் வலக்கடியன் என்பார்கள். வலையில் மாட்டிக்கொண்டு கடிக்கிறவன். பாம்பு மட்டுமில்லை, மீனையும் அவர் விடவில்லை. விசாகப்பட்டினத்தில் சேகரித்த இருநூறு மீன்களின் படமும் விவரமும் 1803இல் தனிப் புத்தகமாக வந்தது.

இத்தனையும் செய்தவர் ஒரு காரியம் மட்டும் செய்யவில்லை. எந்தப் பாம்புக்கும் லத்தீன் பெயர் வைக்கவில்லை. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டார். ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் இந்தப் படங்களைப் பார்த்துப் பெயர் சூட்டி, பெயர் வைத்தவர் என்ற பெருமையையும் எடுத்துக்கொண்டார்கள். புத்தகம் வந்த மறு வருஷமே, 1797இல், ஷாவும் நாடரும் கண்ணாடி விரியனுக்கு இவர் பெயரைச் சூட்டினார்கள். இன்றைக்கும் அது ரஸ்ஸல்ஸ் வைப்பர்தான். இரண்டாம் தொகுதி 1801 முதல் பகுதி பகுதியாக வந்தது. 1805இல் லண்டனில் அவர் இறந்த பிறகுதான் அது முடிந்தது. அவர் கொண்டுபோன பாம்புத் தோல்களில் சில லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இப்போதும் இருக்கின்றன. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டு வந்து கொடுத்தவர்கள் இந்த ஊர் ஆட்கள். புத்தகத்தின் முகப்பில் துரையின் பெயர் மட்டும்தான்.

இப்போது தஞ்சாவூர் மாத்திரைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்குத் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்று பிரபலமாக இருந்தது. பாஷாணம் சேர்த்த மாத்திரை. உள்நாட்டு ஆட்கள் மட்டுமில்லை, இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார டாக்டர்களும் அதை நம்பினார்கள். ரஸ்ஸல் நம்பவுமில்லை, சிரிக்கவுமில்லை. சோதித்தார். கோழிகளையும் நாய்களையும் பாம்பு கடிக்க வைத்து, என்னென்ன ஆகிறது, எப்போது சாகிறது என்று குறித்தார். (வாசிக்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்த நாயின் பக்கம் நின்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.) நல்ல பாம்புக்கு அடுத்தபடி ஆபத்தானது காட்டுக ரேகுல பொட என்று எழுதினார். மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் அவர் கண்டது, மாத்திரை வேலை செய்யவில்லை.

அப்படியானால் எல்லாரும் எப்படி நம்பினார்கள்? கணக்கு பார்க்கிறவனுக்கு இது சுலபமாகப் புரியும். கடிக்கிற பாம்பு எல்லாத் தடவையும் விஷத்தை இறக்குவதில்லை. சில சமயம் வெறும் கடி, சில சமயம் அரைகுறை விஷம். அந்த ஆள் மாத்திரை தின்றாலும் பிழைப்பான், தின்னாவிட்டாலும் பிழைப்பான். பிழைத்தவன் ஊரெல்லாம் சொல்வான். செத்தவன் வந்து எதுவும் சொல்லப்போவதில்லை. வரவுப் பக்கம் மட்டும் எழுதி, பற்றுப் பக்கத்தைக் கிழித்துவிட்ட பேரேடு. அதை எந்த ஆடிட்டர் பாஸ் செய்வார்?

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1991 தை மாதம். எனக்குப் பத்து வயது. எங்கள் கிராமத்தில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா சாயங்காலம் களத்தில் வைக்கோலைத் தள்ளப் போனார். இருட்டுகிற நேரம். காலில் ஏதோ குத்தியது என்று நொண்டிக்கொண்டே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அப்பாயி விளக்கைக் கொண்டு வந்து பார்த்தது. கணுக்காலுக்குக் கீழே இரண்டு பொட்டு. வைக்கோலுக்கு அடியில் இருந்ததை வேலையாள் ஒருவர் பார்த்துவிட்டார். கண்ணாடி விரியன்.

பக்கத்து ஊரில் பாம்புக்கடிக்கு மருந்து கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். கைராசிக்காரர் என்று சுற்று வட்டாரமே சொல்லும். நல்ல மனுஷன், காசு கேட்க மாட்டார். மாட்டு வண்டியில் அவரிடம்தான் கொண்டுபோனார்கள். துணியால் இறுகக் கட்டி, ஏதோ உருண்டையும் சாறும் கொடுத்தார். விடிந்தபோது கால் தொடை வரை வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. அப்புறம்தான் டாக்சி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்றுவிட்டது. சித்தி கையில் அப்போது எட்டு மாதக் குழந்தை.

விஷமுறிவு மருந்தை 1890களிலேயே பிரான்ஸில் கால்மெட் கண்டுபிடித்தாயிற்று. 1991இல் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அது இருந்தது. அந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான் இல்லாமல் போனது. தஞ்சாவூர் மாத்திரை பலிக்காது என்று எங்கள் ஜில்லாப் பெயரைப் போட்டு ஒருவர் இருநூறு வருஷம் முன்பே அச்சடித்து வைத்திருந்தார். அது எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. வைத்தியரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் பிழைத்தவர்களை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

இது பழங்கதையும் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்து வீடுகளில், மழைக்காலத்தில். அதில் நம் கண்மைக்காரனுக்குப் பெரிய பங்கு உண்டு. இதே பாம்பின் விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் என்பதால் 1934இல் இங்கிலாந்தில் ஹீமோபீலியாக்காரர்களுக்கு ரத்தத்தை நிறுத்த அதையே மருந்தாகப் பயன்படுத்தினார்கள். சில ரத்தப் பரிசோதனைகளுக்கு லேபில் இன்றும் அந்த விஷம் தேவைப்படுகிறது.

மருந்துக்கு மூலப்பொருளும் பாம்பிடமிருந்துதான் வர வேண்டும். விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து முறிவு மருந்தை எடுக்கிறார்கள். அந்த விஷத்தைத் தருவதில் முக்கியமானவர்கள் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978இல் தொடங்கியது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போனது. இப்போது உயிரோடு பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. டி.வி.யில் அவர்கள் மேடை ஏறியபோது நான் வாய்விட்டே சொன்னேன், இந்தத் தடவை பெயரும் போட்டுவிட்டார்கள் என்று. பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு ஓல்ட் டவுன் பக்கம் போனேன். ரஸ்ஸல் பெயரில் ஒரு கல்லாவது கண்ணில் படுமா என்று சந்து சந்தாக நடந்தோம். எதுவும் படவில்லை. மீன் நாற்றமும், துறைமுகத்துச் சங்கும், நல்ல டீயும்தான் கிடைத்தன. பையன் கேட்டான், "ஏம்பா, அவர் பெயர்ல ஊர்ல ஒண்ணும் இல்லையா?" நம் பார்க்கிங்கில் வந்து படுத்திருந்ததே, அதுதான்டா என்றேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா மகனுக்கு, அந்த எட்டு மாதக் குழந்தைக்கு, இப்போது அவன்தான் வயலைப் பார்த்துக்கொள்கிறான், ஒரு ஜோடி கம்பூட்ஸும் நல்ல டார்ச் லைட்டும் வாங்கிக்கொண்டு போனேன். பூட்ஸைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு வரப்புல நடந்தா ஊரே சிரிக்கும்ணே." அது மாட்டுக் கொட்டகைப் பரணில் இருக்கிறது என்று சித்தி போனில் சொன்னார். டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறானாம். விஷமுறிவு மருந்து இருக்கிற பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் நம்பரைச் சுவரில் கரியால் எழுதிவிட்டு வந்தேன். வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.